முகம் ஒன்று, விழி நான்கு

ஆவணி 3, செவ்வாய்

காலைப் பூசைக்கு மலர் எடுத்துக்கொண்டு நந்தவனத்திலிருந்து திரும்பியபோது, மடத்தின் முன்மண்டபத்தில் அரசாங்கத்தார் வந்து இறங்கியிருந்தனர். நாடு முழுவதற்கும் வாக்காளர் பட்டியலைப் புதிதாக்குகிறார்களாம். இனிப் பெயரும் வயதும் மட்டும் போதா. பத்து விரல்களின் ரேகை, இரண்டு கருவிழிகளின் படம், முகத்தின் படம் ஆகிய மூன்றும் பதிந்தால்தான் பட்டியலில் பெயர் நிற்கும்.

கருவிழியைப் படம் பிடிக்கும் பெட்டி ஒரு சாண் நீளமே இருந்தது. கண்ணுக்கு நேரே பிடித்தால் உள்ளே சிறு செவ்வொளி தோன்றி மறைகிறது. "இது கண்ணில் எதைத்தான் பார்க்கிறது?" என்று ஜெசிந்தா டீச்சரைக் கேட்டேன். அவர் இவ்வட்டாரத்தின் வாக்குச்சாவடி அலுவலர். மடத்துத் தெருத் தொடக்கப்பள்ளியின் ஆசிரியை. கழுத்தில் சிலுவையும் கையில் குடையுமாக இருபது ஆண்டுகளாக எங்கள் வாக்காளர் சீட்டுகளைக் கொண்டுவந்து தருபவர்.

"கண்ணுக்குள்ள பூவிதழ் மாதிரி கோடு ஓடுதாம் சாமி. உங்க கோடு உங்களுக்கு மட்டுந்தான். ரெட்டைப் பிள்ளைக்குக்கூட ஒண்ணா இருக்காதாம்."

வியந்து நின்றேன். படைத்தவன் எழுதிய ஒன்றை இத்தனை காலம் யாரும் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்த ஒரு பெட்டி இன்று எங்கள் மண்டபத்தில் அமர்ந்திருக்கிறது.

ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. காவி பெற்ற தம்பிரான்கள் பிறந்த பெயரைச் சொல்வதில்லை. தந்தை பெயர் கேட்டால் தீட்சை தந்த குருவின் பெயரையே சொல்வோம். ஏழு தம்பிரான்களும் அவ்வாறே சொல்ல, டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏழு பேருக்கும் கனகசபை தேசிகர்தான் அப்பாவா? அதுலயும் மூணு பேரு ஒரே வருஷத்துல பொறந்திருக்கீங்க. பொட்டி மயக்கம் போட்டு விழுந்துரும் சாமி!"

எங்களில் இளையவரான சபாபதித் தம்பிரான் விட்டாரா? "அம்மா பேரையும் கேளுங்க டீச்சர். அதுவும் ஒண்ணுதான். உமாதேவி."

மண்டபமே சிரித்தது. எல்லோருக்கும் பிறகு அடியேன் அமர்ந்தேன். செவ்வொளி தோன்றுவதற்கு முன்பே திரையில் சிவப்புக் கட்டம் வந்து நின்றது. அடியேனுடைய பழைய அட்டையில் உள்ள படம், இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் தாடியில்லாத முகத்தோடு எடுத்தது, வேறொரு மாவட்டத்து வாக்காளரின் படத்தோடு ஒத்துப்போகிறதாம். விவரம் பின்னர் வருமாம். அதுவரை கண்ணும் விரலும் பதிய இயலாது என்றனர்.

ஆவணி 4, புதன்

நந்தியாவட்டை நூற்றெட்டு. அரளி குறைவு. மழை இல்லை.

ஆவணி 9, திங்கள்

அறிவிப்பு வந்தது. ஒரே தாளில் இரண்டு படங்கள். இடப்பக்கம் நாற்பது வயதில் அடியேன். வலப்பக்கம் மீசையோடு ஒருவர்: நாச்சிமுத்து, தந்தை பெயர் செங்கோடன், வயது நாற்பத்திரண்டு, கரூர். ஒற்றுமை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு என்று பெட்டி கணித்திருக்கிறது. ஒரே ஆள் இரண்டிடத்தில் பதிந்திருக்கலாம் என்ற ஐயம். இருவரும் ஆவணி இருபதாம் நாள் ஒரே அலுவலகத்திற்கு ஒன்றாக வந்து கண்ணையும் விரலையும் பதிந்து, தாம் இருவேறு ஆட்கள் என்று காட்ட வேண்டும். வராவிட்டால் பட்டியலில் பிற்பாடு சேர்ந்த பெயர் நீக்கப்படும். பிற்பாடு சேர்ந்தவர் கரூர்க்காரர்.

சபாபதித் தம்பிரான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கரூர்ல உங்களுக்கு டூப் போட்டு ஒருத்தர் சுத்துறார் சுவாமி. மீசைய மட்டும் எடுத்துட்டா நாளைப் பூசைக்கு அவரையே உக்கார வச்சிரலாம். உங்களுக்கு ஒரு நாள் லீவு."

நாச்சிமுத்து என்பது கொங்கு நாட்டில் பலருக்கும் வழங்கும் பெயர். அங்கே தலைமகனுக்குப் பாட்டனார் பெயரை இடுவது மரபு. இவருக்குப் பெயரிட்டவர் எந்த நிலையிலும் மரபு தவறாதவர் என்று தெரிகிறது. இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

மாலைப் பூசையில் இரண்டிடத்தில் மந்திரம் தடுமாறியது. தொண்டை வறட்சி.

ஆவணி 12, வியாழன்

மூன்று நாட்களாகப் பெட்டியைப் பற்றியே சிந்தனை. உயிர்கள் பல, ஒவ்வொன்றும் தனி என்பது எங்கள் சமயத்தின் அடிப்படை. எல்லாம் ஒன்றே என்பாரோடு எங்கள் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக வாதிட்டிருக்கிறார்கள். ஒரு பெட்டி வந்து, கோடிக் கண்களை எடுத்துப் பார்த்து, ஒன்றுபோல் மற்றொன்று இல்லை என்கிறது. இந்தக் கருவியைச் செய்தவர் எந்தச் சமயத்தவரோ, அறியேன். அவர் கைக்கு ஒரு மலர் சாத்தலாம்.

ஆயினும் கரூர்க்காரரோடு ஒன்றாகச் சென்று நிற்பது அடியேனுக்கு இயலாது. பூசை இருக்கிறது, நந்தவனம் இருக்கிறது, மடத்து விதியும் இருக்கிறது. வழியொன்று தோன்றியது. அடியேனுக்கு வாக்கு எதற்கு? துறந்தவனுக்கு இன்னும் ஒன்றைத் துறப்பது எளிது. அடியேன் பெயரை எடுத்துவிட்டால் அவர் பெயர் தடையின்றி நிற்கும். ஒருவர் விலகிக்கொண்டால் வழக்கு ஏது?

"அடியேன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுக; யாதொரு ஆட்சேபமும் இல்லை" என்று கடிதம் எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஆவணி 13, வெள்ளி

கடிதம் அனுப்பியாயிற்று. மனம் இலேசாக இருக்கிறது. நந்தவனத்தில் களை எடுத்தோம்.

ஆவணி 25, புதன்

ஜெசிந்தா டீச்சர் நந்தவனத்திற்கே வந்துவிட்டார். குடையை மடக்கக்கூட இல்லை.

"என்ன காரியம் சாமி பண்ணி வச்சிருக்கீங்க?"

"விட்டுக் கொடுத்தேன் அம்மா. அவர் நன்றாக இருக்கட்டும் என்றுதான்."

"நல்லாவா? பேரை எடுத்துக்கங்கன்னு எழுதிக் குடுத்தா, ரெண்டும் ஒரே ஆளு, ஒண்ணு பொய்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். இப்ப அந்த மனுஷன் ரெண்டு எடத்துல ஓட்டு வச்சிருந்தார்னு கேசு போடறதுக்கு நோட்டீசு போயிருக்கு. உங்ககிட்ட கேட்டது கண்ணைத்தானே சாமி? பேரை யாரு கேட்டா?"

அடியேன் கையிலிருந்த பூக்கூடை சாய்ந்தது. அவர் குனிந்து இரண்டு மலர்களை எடுத்துப் போட்டுவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். மறுவிசாரணை உண்டாம். புரட்டாசி இரண்டாம் நாள், எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே. கரூர்க்காரர் வரச் சம்மதித்துவிட்டார். ஆனால் அடியேன் கடிதத்தைத் திரும்பப் பெற்றாலொழியக் கண்ணைப் பதிந்தும் பயனில்லை. அதற்கு ஓர் உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அதில் பெற்றோர் இட்ட பெயரும், பெற்ற தந்தையின் பெயரும், பிறந்த ஊரும் எழுத வேண்டும். குருவின் பெயர் செல்லாது.

"நீங்க அதெல்லாம் சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும் சாமி. வேற வழி இல்ல. அவருகிட்ட நீங்களே ஒரு வார்த்தை பேசிருங்க." அடியேன் மறுப்பதற்குள் கைப்பேசியை அழுத்திக் காதருகே நீட்டினார்.

"வணக்கமுங்க சாமி. நாச்சிமுத்து பேசறனுங்க. பஸ்ஸுக்குக் கூடு கட்டற பட்டறைல வெல்டருங்க. வார்டு மெம்பருக்கு நிக்கலாம்னு இருக்கறனுங்க. எங்க தெருவுக்குத் தண்ணி வந்து எட்டு மாசமாச்சு, அதுக்குத்தானுங்க. மனு குடுக்க இன்னும் இருவது நாளுதான் இருக்குது. பட்டியல்ல பேரு இல்லீன்னா மனுவைத் தொடவே மாட்டாங்க."

"ம்."

"எதுத்து நிக்கறவன் டீக்கடைல ஒக்காந்துட்டு 'ரெட்டை ஓட்டு நாச்சிமுத்து'ன்னு பட்டப்பேரே வெச்சுட்டானுங்க. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல அழுதுட்டு வந்துருச்சு. எம்மேல எதாச்சும் கோவத்துல அப்படி எழுதுனீங்களா சாமி? உங்களை நான் பாத்ததே இல்லீங்களே."

"கோபம் இல்லை," என்றேன்.

களத்துமேட்டிலிருந்து மாட்டை அழைக்கும் ஒரு குரலை அக்குரல் நினைவூட்டியது. யார் குரல் என்று எழுத வேண்டியதில்லை.

ஆவணி 27, வெள்ளி

இந்நாட்குறிப்பில் முப்பது ஆண்டுகளாகப் பூக்களின் எண்ணிக்கை எழுதியிருக்கிறேன். எழுதாததை இன்று எழுதுகிறேன்.

என் பெயர் செங்கோடன். தந்தை பெயர் நாச்சிமுத்து. இருபத்து நான்காம் வயதில் ஒரு குடமுழுக்குக்கென்று இவ்வூருக்கு வந்தேன். இம்மடத்தில் ஓதக் கேட்டேன், திரும்பிச் செல்லவில்லை. அப்போது என் மனைவி நல்லம்மாள் ஐந்து மாதக் கருவுற்றிருந்தாள். பிறந்தது ஆணா பெண்ணா, பிறந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதில்லை. பதினெட்டு நாட்களுக்கு முன் ஒரு பெட்டி வந்து சொல்லிற்று.

மணமாகாதவருக்கே இம்மடத்தில் காவி தருவார்கள். குருநாதர் என்னை எதிரில் அமர்த்தி, "மணம் ஆயிற்றா?" என்று ஒரே ஒரு முறைதான் கேட்டார். "இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லின்மேல் நாற்பத்திரண்டு ஆண்டுகள் அமர்ந்து பூசை செய்திருக்கிறேன்.

விட்டுவிடுவதே உயர்வு என்று எண்ணிப் பழகிவிட்டேன். இம்மாதமும் அவ்வாறே ஒன்றை விட்டேன். நான் விட்டது பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தையின்மேல் போய் விழுந்திருக்கிறது.

படிவத்தில் உண்மையை எழுதினால் காவி போகும். எழுதாவிட்டால் அவன் பெயர் போகும். அவன் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை.

புரட்டாசி 2, வியாழன்

வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜெசிந்தா டீச்சர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். பத்து மணிக்குக் கரூர்ப் பேருந்திலிருந்து அவன் இறங்கி வந்தான். முழங்கை வரை தீப்பொறி பட்ட சிறு சிறு வடுக்கள். சலவைச் சட்டையின் மடிப்பு பயணத்தில் கலைந்திருந்தது. என்னைக் கண்டதும் தரையில் விழுந்து வணங்கினான். நான் பின்வாங்கினேன், சுவர் தடுத்தது.

எழுந்து என் முகத்தைப் பார்த்தவன் உரக்கச் சிரித்துவிட்டான்.

"பொட்டி மேல தப்பே இல்லீங்க டீச்சர்! சாமி நெசமாவே என்னாட்டத்தான் இருக்கறாரு. தாடிய எடுத்துட்டு எங்கூட்ல வந்து ஒக்காந்தா, நாய்கூடக் குலைக்காது."

டீச்சர் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

வட்டாட்சியர் அம்மையார் எங்களை அருகருகே அமர்த்தினார். முதலில் விரல்கள். என் விரல்களில் பூக்காம்பின் பால் படிந்திருந்தது, துடைத்துவிட்டுப் பதிந்தார்கள். பிறகு கண். செவ்வொளி என் கண்ணில் தோன்றி மறைந்தது. அதே ஒளி அவன் கண்ணிலும் தோன்றி மறைந்தது. மூன்று மூச்சு விடும் நேரம் ஆகியிருக்கலாம். திரையில் பச்சைக் கட்டத்தில் எழுத்துகள் வந்தன: இருவேறு நபர்கள். ஐயமில்லை.

எத்தகைய கருவி! எங்கள் இருவரையும் ஒருவரே என்று மயங்கத் தொடங்கிய அதுவே, கண்ணுக்குள் இறங்கிப் பார்த்து, இவர் வேறு அவர் வேறு என்று அறுதியிட்டுவிட்டது. அவன் வேறு உயிர். அவனுக்கென்று தனியாக எழுதப்பட்ட விழி. நான் இல்லாமலே முழுமையாக வளர்ந்தவன். அதைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சியும் உண்டாயிற்று, மற்றொன்றும் உண்டாயிற்று.

"அப்ப முடிஞ்சுதுங்களா மேடம்?" என்றான்.

"கண்ணு முடிஞ்சுது. சுவாமியோட கடிதம் ஃபைல்ல இருக்கே. இந்தப் படிவத்தை எழுதிக் குடுத்தாருன்னா அதை எடுத்துரலாம்." அம்மையார் தாளை என்பக்கம் தள்ளினார். பிறகு சற்றுத் தயங்கி, "துறவிகளுக்குச் சங்கடம்னு தெரியும். ஒரு வாரம் டயம் வேணும்னாலும் எடுத்துக்கங்க," என்றார்.

ஒரு வாரம் என்றதும் மனம் அதைப் பற்றிக்கொள்ள எழுந்தது உண்மை. அவன் மடியில் வேட்புமனுத் தாள்களை ஒரு நெகிழி உறையில் வைத்திருந்தான். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தான். நான் பேனாவை எடுத்து எழுதினேன்.

அம்மையார் வழக்கப்படி உரக்கப் படித்துச் சரிபார்த்தார். "இப்போதைய பெயர் ஒப்பிலாமணித் தம்பிரான். பெற்றோர் இட்ட பெயர் செங்கோடன். தந்தை பெயர் நாச்சிமுத்து. பிறந்த ஊர் கரூரை அடுத்த..." அவர் குரல் அங்கே நின்றுவிட்டது. திரையிலிருந்த அவன் விவரத்தைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

டீச்சர் மெல்லச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்.

அவன் நெகிழி உறையின் ஓரத்தை நீவுவதை நிறுத்திவிட்டிருந்தான். பிறகு அம்மையாரிடம், "மேடம், அதுல ஒரு ஜெராக்ஸ் எனக்கு வேணுமுங்க," என்றான்.

"உங்க பேரை இனி யாரும் எடுக்க முடியாது நாச்சிமுத்து. இது உங்களுக்குத் தேவையில்ல."

"எனக்கில்லீங்க. எங்கம்மாளுக்கு."

வாயில் வரை ஒன்றாக நடந்தோம். அவன் சாலையைப் பார்த்தபடி பேசினான். "அப்பன் செத்துட்டாருன்னு சொல்லித்தானுங்க எல்லாரும் வளத்தாங்க. அம்மா மட்டும் பொட்டை அழிக்கல. ஏம்மான்னு கேட்டா அடிப்பாங்க. ரெண்டு மூணு தடவ கேட்டுட்டு நானும் உட்டுட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இப்ப ஒண்ணும் வேண்டாமுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு. திங்கக்கெழம மனு குடுக்கோணும்."

பேருந்தில் ஏறி இருக்கை பிடித்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்து திரும்பும்வரை நின்றேன்.

புரட்டாசி 3, வெள்ளி

சந்நிதானத்தின் முன் அனைத்தையும் சொன்னேன். எங்கள் மடத்தலைவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கேட்டு முடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நேத்து அந்தப் படிவத்துல வேற எதையாவது எழுதியிருக்கலாமே. யார் வந்து பார்க்கப் போறா?" என்றார்.

"முதல்முறை அப்படித்தான் சொன்னேன், சந்நிதானம்."

அதன்பின் அவர் வாதிடவில்லை. விதி விதிதான் என்றார். காவியை ஒப்படைக்க வேண்டும். வெள்ளை உடுத்து நந்தவனத்திலேயே இருந்துகொள்ளலாம். பூப் பறிக்கலாம், சாத்தக் கூடாது.

நினைத்ததைவிடக் கருணை மிகுந்த தீர்ப்பு.

புரட்டாசி 10, வெள்ளி

வெள்ளை வேட்டி. நந்தியாவட்டை நூற்றுப் பதினொன்று. கருவறை வாயிலில் சபாபதித் தம்பிரான் கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவரிடம் இன்று வேடிக்கைப் பேச்சு இல்லை.

புரட்டாசி 20, திங்கள்

பட்டியல் வெளியாயிற்று. ஜெசிந்தா டீச்சர் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டு நந்தவனத்திற்கு வந்தார். அவரது பள்ளிக்கூடச் சாவடியில் மட்டும் இறந்தோர் பெயர் அறுபத்து மூன்றும், இரட்டைப் பெயர் நாற்பதும் நீங்கியிருக்கின்றன. இதுவரை பட்டியலே ஏறாத மூதாட்டிகள் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். இதை எல்லாம் நேர்த்தியாகச் செய்து முடித்தவர்களை மனத்தால் வணங்கினேன். எண்பத்தெட்டாம் எண்ணில் விரலை வைத்துக் காட்டினார். ஒப்பிலாமணி என்ற செங்கோடன், தந்தை பெயர் நாச்சிமுத்து. கரூர்ப் பட்டியலையும் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். அங்கே நானூற்றுப் பதினேழாம் எண். நாச்சிமுத்து, தந்தை பெயர் செங்கோடன். வேட்புமனுவும் ஏற்கப்பட்டுவிட்டதாம்.

காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கைப்பேசி ஒலித்தது. டீச்சர் கேட்டுவிட்டு, என்னிடம் நீட்டி, செம்பருத்தி வரிசைக்கு அப்பால் சென்று நின்றுகொண்டார்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு,

"ஏனுங்க. பட்டியல்ல பேரு வந்துருச்சுங்களா?"

நாற்பத்திரண்டு ஆண்டுகள். குரல் முதிர்ந்திருந்தது, வேறு மாற்றமில்லை.

"வந்துவிட்டது நல்லம்மாள். நானூற்றுப் பதினேழாம் எண். மனுவும்..."

"அவம் பேரு வந்தது எனக்குத் தெரியுமுங்க. தெருவே வெடி போட்டுதுங்க. நாங் கேட்டது உங்க பேரை."

"இருக்கிறது," என்றேன்.

எங்கோ பின்னால் ஒரு குழந்தை அவளைக் கூப்பிட்டது. அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"செரி," என்றாள். "இருக்கட்டும்."